சிவப்பு அணிப் பயிற்சியில் யாருக்கு என்ன வேலை: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அவசரகால ஒத்திகை புதிதல்ல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளாகத்துக்குள் ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. சைரன் ஒலிக்கும். ஆட்கள் கூடுமிடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டே இருப்பார். நடுவில் உண்மையாகவே ஏதாவது கசிந்தால் ஒத்திகையை அந்த நொடியிலேயே நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

ஒரு நிறுவனத்தின் சம்மதத்தோடு ஒரு குழு உண்மையான திருடனைப்போல் அதன் கணினிகளுக்குள் நுழைய முயன்று பார்ப்பதுதான் சிவப்பு அணிப் பயிற்சி. கணினிப் பாதுகாப்பில் நடக்கும் இந்தப் பயிற்சியும் இதே ஏற்பாட்டில்தான் நிற்கிறது. ஆனால் இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் பேசினால், தாக்குபவரைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். எந்தக் கருவி, எந்தச் சான்றிதழ், எப்படி உள்ளே நுழைவது. நேரம் குறிப்பவரைப் பற்றியோ, நிறுத்தச் சொல்பவரைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. அவர்கள் இல்லாமல் நடப்பது பயிற்சியே ஆகாது. சட்டத்தின் பார்வையில் அது அத்துமீறலாகவும் முடியலாம். அதனால் இந்தக் கட்டுரை பாத்திரங்களைத் தலைகீழ் வரிசையில் சொல்கிறது: முதலில் நிறுத்துபவர், பிறகு தாக்குபவர், பிறகு தடுப்பவர்.

விளக்குவதற்கு ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். தலைமை அலுவலகமும் சர்வர் அறையும் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில். தொழிற்சாலை கடலூர் சிப்காட்டில். இரண்டுக்கும் நடுவே மாநில எல்லை. கடைசியில் சொன்ன இந்தச் செய்தி பின்னால் முக்கியமாகும்.

முதல் படி: எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

ஊடுருவல் சோதனையும் சிவப்பு அணிப் பயிற்சியும் வேறு வேறு. ஊடுருவல் சோதனையில் ஒரு செயலியையோ சர்வரையோ எடுத்துக்கொண்டு, இருக்கும் ஓட்டைகளை முடிந்தவரை எல்லாம் கண்டுபிடித்துப் பட்டியலிடுவார்கள். அங்குள்ள தொழில்நுட்பப் பிரிவினருக்குச் சோதனை நடப்பது பெரும்பாலும் தெரியும். சிவப்பு அணிப் பயிற்சி ஒரு குறிக்கோளை வைத்துக்கொண்டு நடக்கும்: "வெளியிலிருந்து வரும் ஒருவர் நம் கணக்குப் பிரிவின் பணப் பரிமாற்றத் திரை வரை வந்துவிட முடியுமா? வந்தால் நாம் எப்போது கவனிப்போம்?" ஓட்டைகளை எண்ணுவது இங்கே வேலையில்லை. ஆட்கள், நடைமுறை, கருவிகள் மூன்றும் சேர்ந்து ஒரு தாக்குதலைக் கவனித்து, புரிந்துகொண்டு, வெளியேற்றுகின்றனவா என்று பார்ப்பதே வேலை.

இந்த ஒரு வரியை எழுத முடியாத நிறுவனத்துக்குச் சிவப்பு அணி இப்போதைக்குத் தேவையில்லை. கண்காணிக்க ஆளே இல்லாத இடத்தில் "எப்போது கவனிப்பீர்கள்" என்று சோதிப்பதில் பணம்தான் வீணாகும். அங்கே முதலில் சாதாரண ஊடுருவல் சோதனை, காப்புப் பிரதி, இரட்டை அடையாளச் சரிபார்ப்பு ஆகியவற்றை முடிக்கச் சொல்வதே நேர்மை. வங்கிகளின் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி 2016 ஜூன் மாதம் வெளியிட்ட சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பிலேயே சிவப்பு அணி பற்றிய குறிப்பு இருக்கிறது.

இரண்டாம் படி: வெள்ளை அணியை அமையுங்கள்

பயிற்சியை நடத்தும், கட்டுப்படுத்தும், தேவைப்பட்டால் நிறுத்தும் சிறு குழுவுக்கு வெள்ளை அணி என்று பெயர். நிதி நிறுவனங்களின் சிவப்பு அணிச் சோதனைகளுக்காக ஐரோப்பிய மத்திய வங்கி 2018இல் வெளியிட்ட டைபர் கட்டமைப்பிலும் இதற்கு முக்கிய இடம் உண்டு. இப்போது அங்கே அதைக் கட்டுப்பாட்டு அணி என்கிறார்கள். பெயர் எதுவானாலும், நிறுவனத்துக்குள் பயிற்சி நடப்பதை அறிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

நம் கற்பனை நிறுவனத்துக்கு நான்கைந்து பேர் போதும். நிர்வாக இயக்குநர் அல்லது அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் ஒருவர், தகவல் தொழில்நுட்பத் தலைவர், சட்ட விவகாரம் பார்ப்பவர், தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. இவர்களில் ஒருவரைப் பயிற்சித் தலைவராக நியமிக்க வேண்டும். அவர் தொழில்நுட்ப மேதையாக இருக்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தால் எடுப்பவராகவும், "நிறுத்துங்கள்" என்று சொன்னால் நிறுவனம் முழுவதும் கேட்கக்கூடிய அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். குழு பெரிதானால் ரகசியம் கசியும். தேநீர் இடைவேளையில் ஒரு சொல் வெளியே போனால் போதும், அடுத்த நாளிலிருந்து தடுப்பு அணி வழக்கத்துக்கு மாறாக விழிப்போடு இருக்கும். பிறகு கிடைக்கும் முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல.

வெள்ளை அணியின் அன்றாட வேலைகளில் மிகக் கடினமானது, "இது நம்முடையதா, உண்மையான தாக்குதலா" என்று பிரித்தறிவது. தடுப்பு அணி ஒரு சந்தேகத்துக்குரிய உள்நுழைவைக் கண்டு மேலிடத்துக்குத் தெரிவிக்கிறது. அது வெள்ளை அணியில் இருப்பவரிடம் வந்து சேர்கிறது. அவர் உடனே சிவப்பு அணித் தலைவரைக் கேட்க வேண்டும்: இந்த நேரத்தில், இந்த முகவரியிலிருந்து, இந்தக் கணக்கில் நுழைந்தது நீங்களா? ஆம் என்றால், தடுப்பு அணியிடம் எதுவும் சொல்லாமல் அவர்கள் போக்கில் விசாரிக்க விடலாம். இல்லை என்றால், பயிற்சி அங்கேயே முடிந்தது. உண்மையான திருடன் உள்ளே இருக்கிறான்.

இந்தியாவில் இதற்கு ஒரு கெடுவும் உண்டு. சைபர் சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. பயிற்சி என்று தெரியாத தடுப்பு அணி தன் கடமையைச் சரியாகச் செய்து, ஒத்திகைத் தாக்குதலை உண்மைச் சம்பவமாக அரசுக்கு அறிவித்துவிடக்கூடும். அந்த அறிவிப்பு வெளியே போவதற்கு முன்னால் அது வெள்ளை அணி உறுப்பினர் ஒருவரின் கையைக் கடந்தாக வேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்துவையுங்கள். எதிர்ப்பக்கத்து ஆபத்து இன்னும் பெரியது: உண்மையான தாக்குதலைப் "பயிற்சியாகத்தான் இருக்கும்" என்று வெள்ளை அணியே ஒதுக்கிவிடுவது. அதனால்தான் பதில் ஊகமாக இருக்கக் கூடாது என்கிறேன். சிவப்பு அணியின் நாட்குறிப்பில் எழுதப்பட்ட வரியைப் பார்த்தே பதில் வர வேண்டும்.

வெள்ளை அணி நடுநிலையாகவும் இருக்க வேண்டும். 2002இல் அமெரிக்க ராணுவம் நடத்திய மில்லினியம் சேலஞ்ச் என்ற பெரும் போர்ப் பயிற்சி இதற்கு நல்ல பாடம். எதிரிப்படையாக நடித்த சிவப்பு அணிக்குத் தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர். அவர் மோட்டார் சைக்கிள் தூதர்களைக் கொண்டு கட்டளைகளை அனுப்பி, மின்னணு ஒட்டுக்கேட்பைத் தவிர்த்து, தொடக்கத்திலேயே 16 போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிட்டார். நடத்தியவர்கள் கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, சிவப்பு அணிக்குக் கட்டுப்பாடுகள் விதித்துப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். வான் ரைப்பர் பொறுப்பிலிருந்து விலகினார். மீண்டும் தொடங்குவது தவறில்லை. மீதி நாட்களில் கற்றுக்கொள்ள வேண்டியவை இருக்கும். ஆனால் முடிவை முன்பே தீர்மானித்துக்கொண்டு விதிகளை வளைத்தால், அந்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் வெள்ளை அணி தாக்குதலின் நடுவே ஒரு விதியை மாற்றினால், எப்போது, ஏன், யார் சொல்லி மாற்றினார்கள் என்பதை எழுத்தில் வையுங்கள்.

மூன்றாம் படி: கையெழுத்து இல்லாமல் ஒரு விசையையும் தட்டாதீர்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்கு உள்ளாக்கும் செயல்களின் வரிசையில் முதலாவதாக வைக்கிறது. அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பதைக் காவல் நிலையத்தில் நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அனுமதிக் கடிதம்.

கடிதம் இருந்தால் மட்டும் போதுமா? 2019 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டல்லஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் நுழைந்த இரண்டு சோதனையாளர்கள் கைதானார்கள். அவர்களிடம் மாநில நீதித்துறை நிர்வாகம் கொடுத்த அனுமதி இருந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தபோது அவர்கள் ஓடவில்லை. போலீசார் வரும்வரை காத்திருந்து கடிதத்தைக் காட்டினார்கள். கட்டடம் கவுண்டிக்குச் சொந்தமானது, அனுமதி கொடுக்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்றார் அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப். அவர்கள் மீது திருட்டு நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் பதிவானது. 2020 ஜனவரியில்தான் வழக்கு கைவிடப்பட்டது. அனுமதி கொடுத்தவர் யார் என்பதும், அந்தப் பொருளுக்கு உண்மையில் உரியவர் யார் என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது நம் கற்பனை நிறுவனத்துக்கு வாருங்கள். தட்டாஞ்சாவடி அலுவலகம் புதுச்சேரி காவல் துறையின் எல்லைக்குள் வருகிறது. முள்ளோடையைத் தாண்டியதும் தமிழ்நாடு காவல் துறை. கடலூர் தொழிற்சாலைக்குள் ஆளாக நுழைந்து பார்க்கும் சோதனை உண்டென்றால், புதுச்சேரி முகவரியை மட்டும் குறிப்பிடும் கடிதம் அங்கே உதவாது. இரண்டு வளாகங்களின் முகவரி, இடம் வாடகைக்கு எடுத்ததென்றால் கட்டட உரிமையாளரின் சம்மதம், பயிற்சி தொடங்கும் நாளும் முடியும் நாளும், உள்ளே வரப்போகிறவர்களின் பெயர், இரவிலும் பேசக்கூடிய இரண்டு பேரின் தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் என்பதற்காகத்தான் இரண்டு எண்கள். கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பது நல்லது. இரவுக் காவலாளிதான் அதை முதலில் படிக்கப்போகிறவர்.

எல்லை வரையறையும் இதே கட்டத்தில் எழுத வேண்டியது. எந்த சர்வர்களைத் தொடலாம், எவற்றைத் தொடக் கூடாது, கிளவுட் சேவை வழங்குநர் எதை அனுமதிக்கிறார், வெளியார் நடத்தும் சம்பளச் செயலி இதில் வருமா. ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையில் அவற்றைத் தொடவே கூடாது. சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் அவசரப் பாதுகாப்பு அமைப்பையே குறிவைத்த டிரைட்டன் என்ற தீநிரல் 2017இல் வெளிப்பட்டது. உயிரைக் காக்கும் அந்தக் கருவிகளில் விளையாட்டுக்குக்கூட ஒரு கட்டளையை அனுப்பக் கூடாது. அலுவலக வலையமைப்பிலிருந்து ஆலை வலையமைப்பின் வாசல் வரை வர முடிந்தது என்று காட்டினாலே குறிக்கோள் நிறைவேறிவிட்டது. அங்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊரறிவு வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதி வரை இந்தக் கரையில் பயிற்சி வைக்காதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கடந்தது. மின்சாரமும் இணையமும் உண்மையிலேயே துண்டிக்கப்படும் வாரத்தில், எது தாக்குதல், எது மழை என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த வாரத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் செய்ய வேண்டிய வேலை வேறு.

நான்காம் படி: சிவப்பு அணிக்குள் வேலையைப் பிரியுங்கள்

அணித் தலைவர் தாக்குவதைவிடத் தீர்மானிப்பதே அதிகம். எந்த வழியில் முயல்வது, எப்போது பின்வாங்குவது, ஒரு செயலில் உள்ள ஆபத்து குறிக்கோளுக்குத் தகுமா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளை அணியோடு பேசுவதும் அவர் ஒருவர்தான். ஆளுக்கு ஆள் பேசினால், இரவு நேரத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் போய்ச் சேரும்.

களச் செயல்பாட்டாளர்கள் விசைப்பலகையில் இருப்பவர்கள். சிறு அணியில் இரண்டு பேர் போதும். ஆனால் ஒருவரை மட்டும் வைக்காதீர்கள். ஒருவர் கட்டளையைத் தட்டும்போது இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது, தவறான சர்வரில் தவறான கட்டளை ஓடுவதைத் தடுக்கும். அவர்கள் பின்பற்றும் முறைகளை, தாக்குதல் உத்திகளைத் தொகுத்துத் தரும் மைட்டர் நிறுவனத்தின் அட்டாக் அட்டவணைப்படி குறிப்பது இன்று உலக வழக்கம். 2013இல் உள்ளுக்குள் தொடங்கி 2015இல் பொதுவெளிக்கு வந்த அந்த அட்டவணையில் ஒவ்வொரு உத்திக்கும் ஓர் எண் உண்டு. போலிச் செய்தி அனுப்பி ஏமாற்றும் ஃபிஷிங் என்றால் டி1566, திருடிய உண்மைக் கணக்கால் நுழைவது டி1078. இரு தரப்பும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் பின்னால் நடக்கும் ஒப்பீடு எளிதாகும்.

உள்கட்டமைப்புப் பொறுப்பாளர் தாக்குதலுக்கான டொமைன்கள், இடைநிலை சர்வர்கள், மின்னஞ்சல் முகவரிகள் ஆகியவற்றை அமைப்பவர். வெளியில் தெரியாத வேலை. ஆனால் நிறுவனத்தின் தரவு இந்த சர்வர்கள் வழியாகத்தான் போகும். அவற்றைச் சரியாகப் பூட்டாவிட்டால் மூன்றாம் ஆள் ஒருவர் அதே வழியில் உள்ளே வந்துவிடுவார். பயிற்சி முடிந்ததும் அவற்றைத் துடைத்து அழிப்பதும் இவரே.

தாக்கப்போகும் எதிரி யார், அவர் எப்படி நடந்துகொள்வார் என்ற கதையை எழுதுபவர் அச்சுறுத்தல் ஆய்வாளர். இங்கிலாந்து வங்கி 2014இல் தொடங்கிய சிபெஸ்ட் சோதனை முறையிலும் டைபரிலும் இதற்குத் தனிக் குழு உண்டு. சிறு நிறுவனத்தில் அணித் தலைவரே இதைச் செய்யலாம். மருந்து நிறுவனம் என்றால் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் கும்பலை மாதிரியாக எடுத்துக்கொள்வது பொருத்தம். அரசு ஆதரவு பெற்ற உளவாளிகளைப்போல நடிப்பது வீண் ஆடம்பரம்.

மனிதர்களை ஏமாற்றும் பகுதிக்குப் பொறுப்பானவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். போலி மின்னஞ்சல் எழுதுவதும், தொலைபேசியில் பேசிக் கடவுச்சொல்லைப் பெறுவதும், பார்வையாளராக நடித்து வாசலைத் தாண்டுவதும் இவர் வேலை. மனிதர் என்பவர் சர்வர் இல்லை, அவருக்கு வலிக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் பண்டிகை போனஸ் என்று ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பியது. தொற்றுநோய்க் காலத்தில் பலர் உண்மை என்று நம்பிச் சொடுக்கினார்கள். பெரும் கோபம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம் ஊரில் தீபாவளி போனஸ், நிலுவைச் சம்பளம், மருத்துவக் காப்பீடு போன்ற தூண்டில்களைத் தொடாதீர்கள். புயல் விடுமுறை அறிவிப்பைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். கடலூரில் ஒரு தொழிலாளிக்கு வரும் புயல் எச்சரிக்கையை "இதுவும் சோதனையாக இருக்குமோ" என்று அவர் ஒருமுறை சந்தேகித்தால்கூட, அதன் விலை ஓர் உயிராக இருக்கலாம். கூரியர் வந்திருக்கிறது, அச்சுப்பொறியைச் சரிபார்க்க வந்திருக்கிறோம், கூட்டத்தின் நேரம் மாறிவிட்டது என்பவை போதும். உண்மையான திருடர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அலுப்பூட்டும் சாக்குகளைச் சொல்லித்தான் நுழைகிறார்கள்.

கடைசியாக, குறிப்பெடுப்பவர். புதிதாகச் சேர்பவருக்கு நான் பரிந்துரைக்கும் பாத்திரம் இதுதான். பலர் இதை எழுத்தர் வேலை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். மேலே சொன்ன "இது நம்முடையதா" என்ற கேள்விக்குப் பதில் இவருடைய தாளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி: நேரம், எங்கிருந்து, எந்த இயந்திரத்தில், எந்தக் கணக்கில், என்ன கட்டளை, என்ன விளைந்தது, எதை அங்கே விட்டுவந்தோம், அது அகற்றப்பட்டதா. நேரத்தை இந்திய நேரத்திலும் உலகப் பொது நேரத்திலும் எழுதுங்கள். சர்வர் லாக் (சர்வர் தானாக எழுதிவைக்கும் செயல்பதிவு) பல இடங்களில் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; அந்த ஐந்தரை மணி நேர இடைவெளியால், நேற்று இரவு பத்து மணிக்கு நடந்ததை அறிக்கையில் மாலை நாலரை மணி என்று எழுதிவிட்டுக் குழம்புவது வழக்கமாக நடக்கிறது. குறிப்பு நிகழும்போதே எழுதப்பட வேண்டும். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் தோற்றுப்போன முயற்சிகள் விடுபட்டுப்போகும். தடுப்பு அணிக்கு மிகவும் பயன்படுபவை அந்தத் தோற்ற முயற்சிகள்தான். இந்த இருக்கையில் ஒரு பயிற்சி முழுவதும் உட்கார்ந்தவருக்கு, தாக்குதலின் ஒவ்வொரு அடியும் ஏன் எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: நீல அணி

தடுப்பவர்கள் நீல அணி. அலர்ட் வந்ததும் முதலில் பார்க்கும் முதல்நிலை ஆய்வாளர், ஆழமாக விசாரிக்கும் இரண்டாம் நிலை ஆய்வாளர், சம்பவத்தைக் கையாளும் பொறுப்பாளர், சான்றுகளைச் சேகரிப்பவர் என்று பெரிய நிறுவனங்களில் பிரிந்திருப்பார்கள். நம் கற்பனை நிறுவனத்தில் இவை எல்லாம் இரண்டு சிஸ்டம் அட்மின்களின் தலையில் இருக்கும். அதனால் பாதகமில்லை. அவர்களுக்குப் பயிற்சி பற்றிச் சொல்லக் கூடாது. அவர்கள் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும். லாக்குகள் சேமிக்கப்படுகின்றனவா என்பதை மட்டும் வெள்ளை அணி முன்பே சத்தமில்லாமல் சரிபார்க்கட்டும். 180 நாள் லாக்குகளை நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் மேலே சொன்ன 2022 உத்தரவில் இருக்கிறது. லாக் இல்லையென்றால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

ஆறாம் படி: நடத்தும் நாட்கள்

டைபர் முறையில் தாக்குதல் கட்டமே குறைந்தது 12 வாரம் நடக்கும். நடுத்தர நிறுவனத்துக்கு மூன்று, நான்கு வாரம் போதுமானது. ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சிவப்பு அணித் தலைவரும் பயிற்சித் தலைவரும் சில நிமிடம் பேச வேண்டும்: இன்று என்ன செய்தோம், நாளை என்ன செய்யப்போகிறோம், எதற்கு அனுமதி வேண்டும். நிறுத்தச் சொல் ஒன்றை முன்பே முடிவு செய்யுங்கள். அதைக் கேட்டதும் சிவப்பு அணி காரணம் கேட்காமல் கையை எடுக்க வேண்டும். விளக்கமெல்லாம் பிறகு.

உள்ளே நுழையவே முடியாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் என்ன செய்வது? வெள்ளை அணி ஒரு படி ஏற்றிவிடலாம். "ஓர் ஊழியரின் கணினி ஏற்கெனவே கைப்பற்றப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கணக்கைக் கொடுக்கலாம். இது தோல்வியை மறைப்பதற்காக இல்லை. வாசல் உறுதியாக இருந்தது என்பது அறிக்கையில் பெருமையாக இடம்பெறும், உள்ளறைகளும் சோதிக்கப்படும்.

உண்மையான வாடிக்கையாளர் தரவையோ ஊழியர் ஆதாரையோ வெளியே எடுக்காதீர்கள். எடுக்க முடியும் என்று காட்ட, வெள்ளை அணி முன்பே வைத்த ஒரு போலிக் கோப்பை எடுத்தால் போதும். அந்தரங்கமான எதையாவது தற்செயலாகப் பார்த்துவிட்டால் நகல் எடுக்காமல் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆளாக உள்ளே நுழைபவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிப்காட் போன்ற இடத்தில் அலுவலகக் கட்டடத்தோடு நின்றுவிடுங்கள். உற்பத்திப் பகுதிக்குள் பாதுகாப்புப் பயிற்சி பெறாத ஒருவர், தலைக்கவசம் இல்லாமல், எங்கே எது ஓடுகிறது என்று தெரியாமல் அலைவது அவருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து. பிடிபட்டால் ஓடக் கூடாது, வாதாடக் கூடாது. கைகள் தெரியும்படி நின்று, கடிதத்தைக் கொடுத்து, எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிடித்த காவலாளிக்கு நிர்வாகத்தின் பாராட்டு எழுத்தில் போக வேண்டும் என்று அறிக்கையில் பெயரோடு பரிந்துரையுங்கள்.

ஏழாம் படி: துடைத்துவிட்டு, ஒன்றாக உட்காருங்கள்

குறிப்பெடுப்பவரின் பட்டியலை வைத்து, விட்டுவந்த ஒவ்வொரு கோப்பும் உருவாக்கிய ஒவ்வொரு கணக்கும் அகற்றப்பட்டதை இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும். மறந்துபோன ஒரு கணக்கு நாளைய திருடனுக்குத் திறந்த கதவு.

அதன்பின் சிவப்பும் நீலமும் ஒரே மேசையில் அமர்வதுதான் ஊதா அணி வேலை. தனி ஆட்கள் தேவையில்லை. இரு தரப்பும் சேர்ந்து, நடத்திக்கொடுக்கும் ஒருவரோடு. சிவப்பு அணி தன் நாட்குறிப்பை வரி வரியாகப் படிக்கும்: "செவ்வாய் 11:40, கணக்குப் பிரிவுக் கணினியிலிருந்து கோப்பு சர்வருக்கு நுழைந்தோம்." நீல அணி தன் பக்கத்தைப் பார்க்கும்: அலர்ட் வந்ததா, வந்தும் யாரும் பார்க்கவில்லையா, லாக்கே இல்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அலர்ட் இல்லை என்றால் அதை எழுப்பும் கண்டறிதல் விதி எழுத வேண்டும். அலர்ட் வந்தும் பார்க்கவில்லை என்றால் ஆள் பற்றாக்குறையா, அலர்ட்டுகளின் வெள்ளமா என்று கேட்க வேண்டும். லாக்கே இல்லை என்றால் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதே தாக்குதலை அங்கேயே மீண்டும் நடத்தி, புதிய விதி ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு பயிற்சியின் பலன் பெரும்பகுதி இந்த மேசையில்தான் கிடைக்கிறது. நேரம் போதவில்லை என்று இதை அரை நாளாகச் சுருக்கும் நிறுவனங்கள் செலவழித்த பணத்தைப் பாதியிலேயே விட்டுப்போகின்றன.

அறிக்கையில் இணைப்பைச் சொடுக்கிய ஊழியரின் பெயர் வரக் கூடாது. "கணக்குப் பிரிவில் ஒருவர்" என்பது போதும். பெயர் வந்தால், அடுத்த முறை தவறிச் சொடுக்குபவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் விடும் அந்த ஒரு மணி நேரத்தில் தாக்குபவர் நிறுவனம் முழுவதும் பரவிவிடுவார்.

பச்சை, மஞ்சள் அணிகளைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். எஸ்டோனியாவின் டாலின் நகரை மையமாகக் கொண்டு 2010 முதல் நேட்டோ சைபர் பாதுகாப்பு மையம் நடத்தும் லாக்டு ஷீல்ட்ஸ் பயிற்சியில் பச்சை அணி உள்கட்டமைப்பைப் பார்த்துக்கொள்ளும், மஞ்சள் அணி நிலவரத்தைத் தொகுத்துச் சொல்லும். நாடுகள் பங்கேற்கும் அளவுக்கு அது தேவை. நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளில் படிப்பவர்கள் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கணினி, விர்ச்சுவல்பாக்ஸ், 180 நாள் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் சர்வர் சோதனைப் பதிப்பு, ஒரு லினக்ஸ் இயந்திரம். கண்காணிப்புக்கு சிஸ்மான், வாசூ. தாக்குதலைப் போலச் செய்துபார்க்க அட்டாமிக் ரெட் டீம் அல்லது மைட்டரின் கால்டெரா. மென்பொருள்கள் எல்லாமே கட்டணமின்றிக் கிடைப்பவை. ஆய்வகத்தை வீட்டு இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள். கல்லூரி வலையமைப்பில், துறைத்தலைவர் வாய்மொழியாகச் சரி என்றாலும், எழுத்தில் அனுமதியில்லாமல் எதையும் ஓட்டாதீர்கள்.

நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு முழுப் பயிற்சியை நடத்தலாம். ஒருவர் வெள்ளை, இருவர் சிவப்பு, ஒருவர் நீலம். சிவப்பில் இருவரில் ஒருவர் குறிப்பெடுப்பவர். ஒரு பக்க அனுமதிக் கடிதம் எழுதுங்கள், அது உங்கள் சொந்தக் கணினியாக இருந்தாலும். நிறுத்தச் சொல்லை முடிவு செய்யுங்கள். வெள்ளையில் இருப்பவர் நடுவில் ஒருமுறை, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், நீல அணி நண்பருக்கு வேறொரு போலி அலர்ட்டை அனுப்பட்டும். சிவப்பு அணி தன் குறிப்பைப் பார்த்து "இது எங்களுடையது இல்லை" என்று எத்தனை நிமிடத்தில் உறுதியாகச் சொல்கிறது என்று கவனியுங்கள். அடுத்த வாரம் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தக் குறிப்புத் தாளையும், அனுமதிக் கடிதத்தையும், ஊதா மேசையில் நீங்கள் எழுதிய இரண்டு மூன்று கண்டறிதல் விதிகளையும் எடுத்துச்செல்லுங்கள். எந்தக் கருவிகள் தெரியும் என்று கேட்பார்கள், சொல்லுங்கள். பிறகு, எந்தக் கட்டத்தில் நீங்கள் தாக்குதலை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதைத் தாளைக் காட்டி விளக்குங்கள்.